அத்தை ஓடிய படம்

மல்லாங்கிணறு,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் காளீஸ்வரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை எழிலும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உடம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் நலத்தை நான் கேட்கப் போவதில்லை. நீ நன்றாக இருப்பதை நீயே படம் படமாகப் போடுகிறாய், எழில் காட்டுகிறாள், பார்த்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் நான்தான் வைத்தேன், அது வேறு. தாளைப் பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது என்பதால் எழுதுகிறேன். எழில் இதைப் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன் என்றாள், நான் விடவில்லை. தபாலில் வரட்டும், கையில் பிடித்துப் படி.

முதலில் வீட்டுச் செய்தி. மழை கரிசலை நனைத்ததோடு சரி, விதைக்கும்படி பெய்யவில்லை. அப்பா வழக்கம்போல விருதுநகர் மார்க்கெட்டில் வத்தல் மூட்டை ஏற்றப் போகிறார், சாயங்காலம் வந்ததும் வாசலில் நின்று தும்மித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். எழிலுக்குக் கல்லூரியில் இரண்டாம் வருடம் ஆரம்பித்துவிட்டது. சீசன் சூடு பிடித்துவிட்டதால் எங்கள் பட்டாசுக் கம்பெனி வேன் ஞாயிற்றுக்கிழமையும் வருகிறது. பக்கத்து வீட்டுச் சுடலை மகளுக்குக் கல்யாணம், பத்திரிகையில் உன் பெயரையும் போட்டு அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி என்று அச்சடித்திருக்கிறார்கள். அங்கே குளிர் ஆரம்பிக்குமுன் கம்பளியை வெயிலில் காய வைத்துக்கொள். உன் அய்யம்மா அத்தை இப்போது வேலைக்கு வருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவளைப் பற்றி உனக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் கை வரமாட்டேன் என்கிறது. நான் விடியுமுன் வேன் ஏறிப் போவேன், உன்னை எழுப்பிக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் அப்பாவின் அக்காள்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை, நீதான் பிள்ளை. அவள் வீட்டுக்காரர் தங்கச்சாமி மாமா, பட்டாசு மருந்து கலக்கும் அறை வெடித்து அதோடு போனபோது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். மாமாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயடியில் நின்றவளுக்கு இரண்டு காதிலும் சவ்வு கிழிந்துவிட்டது. அதன் பிறகு அவளும் என்னோடு வேன் ஏறினாள், மாமா போன கம்பெனி இல்லை, எங்கள் கம்பெனி, லேபிள் ஒட்டும் வேலை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். போன பொங்கலுக்கு நீ வந்தபோது ஒரு நாள் மத்தியானம் முழுவதும் அவளோடு உட்கார்ந்தாய். அன்றைக்கு வெடித்தபோது உடம்பில் எங்கே முதலில் பட்டது, ஒரே அடியா, விட்டு விட்டா, எவ்வளவு பலமாக என்று கேட்டுக் கேட்டுப் போனில் பதிந்துகொண்டாய். அவள் தன் வயிற்றிலும் நெஞ்சிலும் கையை வைத்துக் காட்டினாள். நீ போன பிறகு என்னிடம், இத்தனை வருசத்துல யாருமே கேக்கலத்தா, எம்பிள்ளை ஒருத்தன்தான் கேட்டான் என்று சொல்லி அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

கண்ணில் மாட்டினால் நெருப்பு விபத்தைக் காட்டுகிற உங்கள் கம்பெனிச் சாமான் எங்கள் கம்பெனிக்கே வரப்போகிறது, பாதுகாப்புப் பயிற்சிக்கு நீதான் முதலாளியிடம் பேசி முடித்தாய் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே இருக்கும் கேன்டீன் ஹாலில் வைத்தார்கள். தினமும் கேட்டில் எங்கள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு உள்ளே அனுப்புகிறவர்கள், அன்றைக்கு அத்தனை பேட்டரிப் பெட்டியையும் மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நவநீதகிருஷ்ணன் முதலாளியே வந்து, இது நம்ம நாகையா மகன் செஞ்சது, எல்லாரும் கை தட்டுங்க என்றார். சென்னையிலிருந்து ஏஜென்சிக்காரப் பையன் மகேஷ்குமார் வந்திருந்தான். அவன்தான் ஒவ்வொருவருக்கும் கோட்டை மாட்டி, கையுறை போட்டு, கடைசியில் பெட்டியைக் கண்ணில் வைத்துக் கட்டினான். நாகையா சம்சாரம் முதலில் போடட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அத்தை தானாகவே எழுந்து வந்து, எம்பிள்ளை சாமான், நானும் இவகூடவே போடுதேன் என்று என் பக்கத்தில் நின்றாள்.

நீ இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புவாய் என்று தெரியும், அதனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். பெட்டியை மாட்டியதும் கேன்டீன் போய்விட்டது. பட்டாசு அறை வந்தது, நாலு பக்கமும் வாசல், சுவரில் ஈரச் சாக்கு, எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். தலையைத் திருப்பினால் அறையும் திரும்புகிறது. பக்கத்து அறையில் நெருப்புப் பிடித்தது. கண் நெருப்பு என்றது, மூக்கு சாம்பார் என்றது, நான் மூக்கை நம்பினேன். மேலே ஓடிய பேன் காற்று கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. கையுறை உள்ளங்கையில் வண்டைப் பிடித்து வைத்த மாதிரி குறுகுறுத்தது. டமார் என்று காதுக்குள் சத்தம் வந்ததும் கோட்டு வயிற்றிலும் நெஞ்சிலும் தட்டியது. எனக்கு அது விக்கல் எடுத்தவளை யாரோ தட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். காது கேட்கிறவளுக்குச் சத்தம் முந்திக்கொள்கிறது. காது போனவளுக்கு உடம்பு முழுவதும் காது. அந்தக் கோட்டு அவளை என்ன செய்யும் என்று நீ நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் எங்கே தட்ட வேண்டும் என்று அவள் உடம்பில் கேட்டுத்தான் அளவெடுத்தாய்.

நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஆட்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி இதற்குள் சிரிப்பும் வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். டம்ளர்கள் உருண்டன, சிரிப்பு இன்னும் கூடியது. மகேஷ்குமார் சூப்பர் சூப்பர் என்று சொல்வது கேட்டது. பிறகுதான் போர்மேன் கண்ணுச்சாமி வந்து என் பெட்டியைக் கழற்றி, ஏ செல்வி, ஒன் மதினியப் பாரு என்றார், அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அத்தை டீ பெஞ்சுக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தாள். பெட்டி அவள் கண்ணிலேயே இருந்தது. கை மணிக்கட்டில் மடங்கிக் கிடந்தது, அந்தக் கையைத் தரையில் ஊன்றி ஊன்றி இன்னும் முன்னால் போகப் பார்த்தாள். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காதே, பெட்டியைக் கழற்றினால்தானே உதடு தெரியும். நான் ஓடிப்போய்ப் பெட்டியைக் கழற்றினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கேட்டது, அவுக எங்க என்று.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு திண்ணமாகத்தான் பேசினாள். கண்ணுக்குத் தெரிஞ்சது பொம்ம நெருப்பு செல்வி, அது எனக்குத் தெரியாதா. மேல விழுந்ததுதான் நெசம். மொத அடி அடிவயித்துல மெத்துனு, ரெண்டாவது அடி நெஞ்சுல. அன்னைக்கு எப்படியோ அப்படியே இருந்துச்சு. அன்னைக்கு என் கால் நகரல. இன்னைக்கு நகந்துச்சு, அவுக உள்ள இருக்காகளேன்னு ஓடுனேன் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருந்தது காளி, பயம் இல்லை. இதை நீ இரண்டு தடவை படி. அவள் நெருப்பை விட்டு ஓடவில்லை, நெருப்புக்குள் ஓடினாள்.

அதுதான் அவள் வேலைக்கும் வினையாகிவிட்டது. மறு வாரம் கேட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள். நானும் அப்பாவும் முதலாளியைப் பார்க்கப் போனோம். அவர் ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை, உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். தன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார், அதில் அத்தை பெயருக்கு நேரே சிவப்பாக இருந்தது. நெருப்பப் பாத்து ஓடுற ஆள நான் எப்படி உள்ள விடுவேன், நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான கேக்கும், லேபிள் ஒட்டுற ஷெட்டும் உள்ளதான இருக்கு, நானா வேண்டாங்கேன் நாகையா, ஒம்மகன் மிஷின்தான வேண்டாங்குது என்றார். அப்பா டீயைக் குடிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தவர், சூலக்கரை தாண்டிய பிறகு, நல்லாத்தான் படிக்க வச்சோம் என்றார். 

இது வரைக்கும் நடந்தது உனக்குத் தெரியாமல் நடந்தது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு தெருப் பிள்ளைகள் ஒரு புது விளையாட்டு ஆரம்பித்தார்கள். அத்தை கடைக்குப் போனால் ஒருத்தன் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு கையை முன்னால் நீட்டித் தடுமாறி ஓடுவான், மற்றவர்கள் விழுந்து புரள்வார்கள். அவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கவா போகிறது, என்ன விளையாட்டுடா இது என்று அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவாள். எழில்தான் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடித்தாள். அன்றைக்கு எடுத்தது உங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் படமாக வந்திருக்கிறது. அத்தை கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறாள், பின்னால் பாட்டு. பெஞ்சில் மோதுவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டிவிட்டீர்கள், அதனால் அவள் விழுவதே இல்லை, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கிறாள். அதை நீ எடுத்து உன் பக்கத்திலும் போட்டு மேலே இங்கிலீஷில் எழுதியிருக்கிறாய். எழில் வாசித்துச் சொல்ல மாட்டேன் என்றாள், நான் விடவில்லை. பயம் தோல் வழியாக உள்ளே போனால் மூளை கேள்வி கேட்காது, நம்பாதவர்கள் இந்தப் பெண்மணியைப் பாருங்கள் என்று எழுதி, பக்கத்தில் கை தட்டுகிற பொம்மை. இந்தப் பெண்மணி.

பெட்டி முகத்தை மறைத்திருக்கிறது, பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை என்றுதான் அப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கேட்கத்தான் போன் போட்டேன். காளி, அது யாருன்னு தெரியுமாடா என்றேன். நீ கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. தெரியும்மா, அத்தைதான், மகேஷ் அன்னைக்கே சொல்லிட்டான் என்றாய். முகந்தான் தெரியலல்லம்மா, அப்புறம் என்ன என்றாய். மத்தவங்கள்லாம் கையக் கட்டிட்டு நின்னாங்க, அத்தை ஒருத்திதான் நெசமா ஓடுனா, இங்க எல்லாரும் அதத்தான் பேசுறாங்க என்றாய். கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் நான்தான், அது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். பிறகு, கை சரியாயிரும்ல என்று கேட்டாய். கேட்ட விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, நீ அதைக் கேட்டதே நான் சும்மா இருந்ததால்தான். அப்போதுதான் நான் போனை வைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய பாரம். திங்கட்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தவள் எழில் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் ஏதோ படத்தைப் பார்த்துத்தான் அப்படி ஓடுகிறார்கள், அதை எனக்கும் காட்டுங்கத்தா என்றாள். மறைக்கப் பார்த்தோம், அவளா விடுவாள். எழில் வைத்தாள். அத்தை முதலில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாருத்தா இந்தப் பொம்பள, ஓடுற வாகு எங்க ஆத்தா மாதிரியே இருக்கே என்றாள். இன்னொரு முறை ஓடியது. அதற்கப்புறம் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்போதுதான் மேலே வட்டத்துக்குள் இருந்த உன் முகத்தைக் கண்டுபிடித்தாள். இது எம்பிள்ளைல்ல என்றாள். இவனா என்னையப் போட்டிருக்கான், அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு என்னைய நெனச்சுப் போட்டிருக்கானே என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். உன் கன்னத்தைத் தடவுவதற்காக விரலை வைத்தாள். வைத்ததும் படம் நழுவி வேறு எவனோ கார் விற்கிற விளம்பரம் வந்துவிட்டது. நான் தொட்டதும் போயிட்டானே என்று பதறிப்போய்ப் போனை எழில் கையில் கொடுத்துவிட்டாள். எதையோ உடைத்துவிட்டவள் மாதிரி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு என்ன எழுதியிருக்கான், வாசிங்கத்தா என்றாள். எழில் என்னைப் பார்த்தாள். நான் அத்தைக்கு எதிரே உட்கார்ந்து உதட்டைத் திறந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், இவள் என்னை வளர்த்தவள், என் அத்தை, நெருப்புக்குள் போய் ஆளை மீட்க ஓடுகிறாள் பாருங்கள் என்று எழுதியிருக்கிறான் என்றேன். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.  இப்போது தெருப் பிள்ளைகள் நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடினால் நின்று பார்க்கிறாள், இது நாந்தான், எம்பிள்ளை ஜெர்மனியில போட்டிருக்கான் என்று கடையில் நிற்கிறவர்களிடம் சொல்கிறாள். அவர்கள் உதட்டை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். வேலை போனதைக்கூட, புள்ளை மிஷின் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் படத்தை எடுத்துவிடு என்று எழுதத்தான் முதலில் தாளை எடுத்தேன். இப்போது அதுவும் முடியாது. தினமும் வந்து எழிலிடம் ஒரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறாள், காணாமல் போனால் தன்னை அழித்துவிட்டாய் என்று நினைப்பாள். இருந்தால் உலகம் சிரிக்கும், எடுத்தால் அவள் சாவாள். அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் அவளை நிறுத்தியிருக்கிறாய். உன் படிப்பில் இதற்கு ஏதாவது வழி சொல்லிக்கொடுத்திருந்தால் அதைச் செய். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இது கையில் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார், தலையைக் குனியாதே, அவளுக்கு உன் உதடு தெரிய வேண்டும். நான் என்ன சொன்னேனோ அதை உன் வாயால் அவளிடம் சொல். அதையே தமிழில் அந்தப் படத்துக்கு மேலேயும் எழுது, உன் கம்பெனி என்ன சொன்னாலும் சரி. உனக்காக அவளிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன், இரண்டாவது பொய் சொல்ல மாட்டேன். ஆயுத பூஜைக்குள் நீ கூப்பிடாவிட்டால், நீ எழுதியதை எழுத்து விடாமல் நானே அவளுக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிவிடுவேன். அவள் அதைத் தாங்குவாளா மாட்டாளா என்பது இனி உன் பொறுப்பு.

சொல்லி முடித்த பிறகு என்னோடு பேச வேண்டும் என்று காத்திருக்காதே. போனை அவளிடமே விட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். சுடலை மகள் கல்யாணத்துக்கு வர முடியாவிட்டால் வாழ்த்து அனுப்பு, அவர்கள் உன்னைப் பெரிய ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மன் உனக்குக் கண்ணையும் காதையும் தோலையும் பழுதில்லாமல் கடைசிவரை வைத்திருக்கட்டும், ஒருத்தரும் உன்னிடம் வந்து எங்கே வலித்தது என்று அளவெடுக்காமல் இருக்கட்டும். இதற்கு மேல் ஆசீர்வாதம் எனக்கு இப்போது வரவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள் மட்டுமான,
நா. செல்வலட்சுமி.